எட்டாவது தப்பு

ஓட்டலில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மூன்றாவது மாடியில் அவள் லிஃப்டை விட்டு இறங்கும்போதே, "பூதக்கண்ணாடி வருதுடி" என்று தாழ்வாரத்தின் அந்தக் கோடிவரை செய்தி ஓடிவிடும். இது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் கோபப்பட்டதில்லை. பொருத்தமான பெயர்தானே என்பது அவள் கட்சி.

நூற்றுப் பத்து அறைகள் உள்ள பெரிய ஓட்டல் அது. பதினாறு வருஷத்துக்கு முன்னால் வாளியும் துடைப்பமுமாகச் சேர்ந்தவள், இன்று அறைகளைச் சரிபார்க்கும் சூப்பர்வைசர். பெண்கள் ஓர் அறையைச் சுத்தம் செய்து முடித்ததும் இவள் போய் வாசலில் நிற்பாள். உள்ளே கால் வைக்க மாட்டாள். நின்ற இடத்திலிருந்தே கண்ணை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, "ரெண்டாவது தலகாணி, ஜிப்பு இந்தப் பக்கம் பாக்குது. கண்ணாடி கீழ்மூலையில விரல் தடம். டீ தட்டுல ஒரு ஸ்பூன் குறையுது" என்பாள். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். ஒருமுறை ஒரு விருந்தாளி காது கேட்கும் கருவியைத் தொலைத்துவிட்டு ஊரைக் கூட்டினார். இவள் மடித்து அடுக்கியிருந்த முப்பது துண்டுகளைப் பார்த்தாள். ஒரு துண்டு மட்டும் நூலிழை தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றாள், உருவினாள், கருவி விழுந்தது. அடுத்த மாதமே சூப்பர்வைசர் வேலை கொடுத்துவிட்டார்கள்.

வெளியே சோறு போடுகிற கண், வீட்டில் சும்மா இருக்குமா? வீட்டிலும் டப்பாக்களின் பெயர்ச்சீட்டுகள் எல்லாம் முன்னால்தான் பார்க்க வேண்டும், புத்தகங்கள் உயரவாரியாகத்தான் நிற்க வேண்டும். அவள் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். "நான் இந்த வீட்டுல பயணி மாதிரி. என் சீட்டு நம்பர் எதுவோ அதுலதான் உக்காருவேன், ஜன்னல்ல கை வைக்க மாட்டேன்" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். பெரியவர்கள் சிரித்துச் சமாளித்துவிடலாம். ஒன்பது வயதுப் பெண் என்ன செய்வாள்?

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வாலு என்று பெயர். போன வருஷம் வாலு, பள்ளிக்கூட வேலை ஒன்றைச் சேர்ந்து செய்ய மூன்று தோழிகளை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அம்மா பாவம், ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் வந்த செருப்புகளை ஜோடி ஜோடியாக நேர்ப்படுத்தினாள். பசை டப்பாவை எடுத்து வைக்க வைக்க அடியில் காகிதம் விரித்தாள். மேசையை மூன்று முறை துடைத்தாள். தண்ணீர் குடித்த தம்ளரை, குடித்தவள் கீழே வைப்பதற்குள் வாங்கிக்கொண்டாள். கடைசியில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி, மிகவும் பணிவாக, "ஆன்ட்டி, மூச்சு விடலாமா?" என்று கேட்டாள். கேலிக்குக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வாலுதான் மற்றவர்கள் வீட்டுக்குப் போனாள். "நம்ம வீட்டுக்கும் கூப்பிடேன்" என்று அம்மா இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். ஒரு நாள் வாலு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

"எதுக்கும்மா? உன் கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரியும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு கொடுத்திருக்கலாம். மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். அதுதான் உள்ளே போய்த் தைத்தது. அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கோணலாகக் கிடந்த ஒரு படுக்கை விரிப்பைப் பார்த்தும் பேசாமல் போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள், நூற்று நாலாம் அறை வாசலில் நின்று டீ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை பளிச்சென்று தோன்றியது. கண்ணை மாற்ற முடியாது. அந்தக் கண்ணையே பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுத்தால் என்ன?

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் புதையல் வேட்டை. மற்றவர்கள் வீட்டு வேட்டைகளில் விடுகதை எழுதிய சீட்டு இருக்கும், வரைபடம் இருக்கும். இவளுடையதில் ஒரே ஒரு சட்டம். ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு பொருள் தப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் அதற்கடியில் ஒரு சீட்டு, அந்தச் சீட்டில் அடுத்த இடத்தின் பெயர். ஏழு தப்புகள் தாண்டினால் எட்டாவது தப்புக்குப் பின்னால் புதையல். மூன்று வாரம், டீ நேரமெல்லாம், அறை சரிபார்க்கும் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதி அடித்து எழுதித் திட்டம் போட்டாள். வாலுவின் காதுக்குப் போய்விடக் கூடாது என்று புருஷனைத் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

திட்டம் போட்டது சுலபம். செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. தெரிந்தே ஒரு பொருளைத் தப்பாக வைக்க அவளுக்குக் கை வரவில்லை. சமையலறையில் மிளகு டப்பாவின் பெயர்ச்சீட்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போவாள். திரும்பி வந்து பார்த்தால் மிளகு முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும். போகிற போக்கில் அவள் கையே அதைச் சரி செய்துவிட்டுப் போயிருக்கும். இப்படி மூன்று தடவை. கடைசியில் சமையலறைப் பக்கம் பார்க்காமலே நடக்கக் கற்றுக்கொண்டாள்.

சனிக்கிழமை. இரண்டு ஞாயிறு வேலைகளை ஏற்றுக்கொண்டு வாங்கிய விடுமுறை. மதியம் மூன்று மணிக்கு எல்லாம் தயார். கூடத்துக் கடிகாரம் தலைகீழ். மிளகு டப்பா முதுகு காட்டியது. ஃபிரிட்ஜில் முட்டை வரிசையில் ஒரு வெங்காயம். குளியலறையில் பல் தேய்க்கும் பிரஷ் ஒன்று சோப்புப் பெட்டிக்குள். பால்கனிக் கொடியில், துணிகளுக்கு நடுவே, கிளிப் போட்டு மாட்டிய ஒரு ஸ்பூன். புத்தக அலமாரியில் ஒரு புத்தகம் முதுகை உள்ளே காட்டிக்கொண்டு. செருப்பு அலமாரியில் அப்பாவின் இடது ஷூவும் அம்மாவின் வலது செருப்பும் புருஷன் பெண்டாட்டியாக. கடைசியாகப் படுக்கையறை ஜன்னல் திரை, உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியது. அதற்குப் பின்னால் ஜன்னல் திண்டில் புதையல் டப்பா.

புருஷனை நிறுத்திச் சுற்றிப் பார்க்கச் சொன்னாள். அவர் வீடு முழுக்க நடந்துவிட்டு, "எல்லாம் சரியாத்தானே இருக்கு? ஆமா, மணி என்ன ஒம்பதரையா?" என்றார். அவளுக்கு மனசு குளிர்ந்தது. நல்ல வேட்டைதான்.

அவர் வண்டி எடுக்கக் கிளம்பிப் போனார். வாலு கீழே மைதானத்தில் இருந்தாள். எட்டுப் பேரைக் கூப்பிட ஒப்புக்கொண்டிருந்தாள், அதுவும் நிபந்தனையோடு. "அவங்க எதைத் தொட்டாலும் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது. சொன்னா நான் இனிமே யாரையும் கூட்டிட்டு வரவே மாட்டேன்." அம்மா சரி என்று தலையாட்டியிருந்தாள். இந்த ஒரு வாய்ப்புதான் மிச்சம் என்று அவளுக்குத் தெரியும். நாலு மணிக்குப் பட்டாளம் மேலே வரும்.

மூன்றேகாலுக்கு ஓட்டலிலிருந்து காலை ஷிஃப்ட் முடித்த மூன்று பேர் உதவிக்கு வந்தார்கள். ஒருத்தி நெட்டை, ஏணி இல்லாமலே மின்விசிறி துடைப்பவள். ஒருத்தி பாடகி, குளியலறை கழுவும்போது அவள் பாட்டு இரண்டு மாடிக்குக் கேட்கும். மூன்றாவது லாண்டரி அக்கா. எல்லோருக்கும் மூத்தவள், துணியை முகர்ந்தே எத்தனை நாள் அழுக்கு என்று சொல்லிவிடுவாள்.

"பசங்க விளையாட எல்லாம் ரெடி. நீங்க பிஸ்கட்டத் தட்டுல அடுக்குங்க, போதும். நான் பேக்கரிக்குப் போய் பன் வாங்கிட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இவள் இறங்கினாள். ரகசியத்தைக் கட்டிக் காத்த பழக்கத்தில், தப்புகளைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கியது இங்கேதான்.

பேக்கரியில் கூட்டம். மூன்றே முக்காலுக்குத்தான் கதவைத் திறந்தாள். திறந்ததும் பதினாறு வருஷப் பழக்கத்தில் வாசலில் நின்று கண்ணை ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்பாடா, என்ன சுத்தம்! எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் அச்சடித்த மாதிரி இருந்தன. இரண்டு விநாடி அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது விநாடி, கூடத்துக் கடிகாரம் நிமிர்ந்து நின்று சரியான நேரம் காட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

கையிலிருந்த பன் பொட்டலம் நழுவியது.

"என்னக்கா செஞ்சீங்க?"

லாண்டரி அக்கா வந்து இவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் பேசாதம்மா. எங்களுக்குப் புரியுது. டபுள் ஷிஃப்ட் பாத்துப் பாத்து உடம்பு விட்டுப்போச்சு உனக்கு. ஃபிரிட்ஜத் திறந்தா முட்டைக்குப் பக்கத்துல வெங்காயம்! கொடியில ஸ்பூன காயப்போட்டிருக்க! நெட்டை அழுதுட்டா. இதெல்லாம் வெளிய சொல்ல மாட்டோம். பதினஞ்சே நிமிஷம், மூணு பேரும் சேர்ந்து சரி பண்ணிட்டோம்."

"அக்கா, அதெல்லாம் நான் வேணும்னே வெச்ச தப்பு! அதுதான் விளையாட்டே!"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடகி வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் கண்முன் எல்லாம் வரிசையாக ஓடின. மூன்று வாரத் திட்டம், வாலுவின் முகம், மைதானத்திலிருந்து கிளம்பும் எட்டுப் பிள்ளைகள். சீட்டு இல்லை, தப்பு இல்லை, விளையாட்டே இல்லை. வந்து என்ன செய்வார்கள்? சுத்தமான வீட்டைப் பார்ப்பார்கள். அதைத்தான் போன வருஷமே பார்த்துவிட்டார்களே!

"சீட்டுங்க எங்க? தூக்கிப் போட்டாச்சா?"

நெட்டைக்கு ரோஷம் வந்துவிட்டது. "தூக்கிப் போடறதா? எத்தன வருஷமா வேல பாக்கறேன், என்ன பாத்து இப்படிக் கேக்கறீங்களே!"

ஓட்டலில் ஒரு விதி உண்டு. குப்பைக் கூடைக்குள் கிடப்பதுதான் குப்பை. மற்றபடி கையெழுத்து உள்ள எந்தத் துண்டுக் காகிதத்தையும் வீசக் கூடாது. ஓர் உறையில் போட்டு, எந்த அறையில் எந்த இடத்தில் கிடைத்தது என்று மேலே எழுத வேண்டும். நாளைக்கு விருந்தாளி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டுமே. இந்த விதியை அவர்கள் தலையில் அடித்து அடித்து ஏற்றியவளே பூதக்கண்ணாடிதான். நெட்டை இடுப்பிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினாள். உறைமேல் பென்சிலில் ஏழு வரிகள்: கூடம், கடிகாரத்துக்குப் பின்னால். சமையலறை, மிளகுக்கு அடியில். ஃபிரிட்ஜ், வெங்காயத்துக்குக் கீழே. ஒன்றுகூட விடவில்லை. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் சின்னதாக எண்ணும் போட்டிருந்தாள்.

இவளுக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. அதற்கு நேரமில்லை. மணி மூன்று ஐம்பது.

"பத்து நிமிஷத்துல மூணு அறை முடிச்சவங்க நாம. நெட்டை, கடிகாரம், கொடி. பாடகி, பாத்ரூம், ஃபிரிட்ஜ். நான் சமையக்கட்டும் புஸ்தகமும். அக்கா, நீங்க செருப்பு. கெளம்புங்க!"

அந்தப் பத்து நிமிஷம் பார்க்க வேண்டிய காட்சி. சரி செய்வதில் எவ்வளவு வேகமோ, கெடுப்பதிலும் அவ்வளவு வேகம். யார் எதை எங்கிருந்து எடுத்தோம் என்பது ஒவ்வொருத்திக்கும் மனப்பாடம். "பிரஷ் நீலமா பச்சையா?" "பச்ச, தல எடப்பக்கம்!" "புத்தகம் மூணாவது தட்டு, ஓரத்துலேர்ந்து அஞ்சு!" என்று குரல்கள் அறைக்கு அறை பறந்தன. பாடகி பாட்டே பாடிவிட்டாள். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது ஏழாவது சீட்டு அப்பாவின் ஷூவுக்குள் போயிருந்தது.

"எட்டாவது? படுக்கறையில திரை?" என்றாள் இவள்.

லாண்டரி அக்காவின் முகம் வெளுத்தது. "அது... மாறி மாட்டியிருந்துச்சேன்னு கழட்டினேனா... கழட்டினா ஒரு வாசன. சோப்புல ஊற வெச்சுட்டேன்."

அழைப்பு மணி அடித்தது.

எட்டுப் பிள்ளைகளும் உள்ளே கொட்டினார்கள். வாலு மட்டும் வாசல்படியில் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மா சட்டத்தைச் சொன்னாள், ஒரே மூச்சில். "இந்த வீட்டுல தப்பு இருக்கு. கண்டுபிடிங்க. எதை வேணா தொடலாம், எதை வேணா எடுக்கலாம்." ரெட்டைச் சடைக்காரிக்கு நம்பிக்கை வரவில்லை. "நெஜமாவா ஆன்ட்டி?" என்றாள். "நெஜமாத்தான். மூச்சுகூட விடலாம்" என்றாள் அம்மா. வாலுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை உதட்டைக் கடித்து மறைத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் தயங்கித்தான் தேடினார்கள். கடிகாரத்தை ஒரு பையன் கண்டுபிடித்துச் சீட்டை உருவியதும் தயக்கம் போன இடம் தெரியவில்லை. சமையலறையில் டப்பா டப்பாவாகத் தூக்கிப் பார்த்தார்கள், மிளகு கொட்டியது. வைக்காத தப்புகளையும் பிடித்தார்கள். நாள்காட்டி போன மாதத்தில் நிற்கிறது என்றான் ஒருத்தன். தரையில் ஒரு ஓடு மட்டும் பூ மாற்றிப் பதித்திருக்கிறது என்றாள் இன்னொருத்தி. ஏழு வருஷமாக அந்த ஓட்டின் மேல் நடக்கிற பூதக்கண்ணாடிக்கு அது இன்றுதான் தெரிந்தது. அவள் கை மட்டும் பரபரத்தது. இரண்டு கையையும் கோத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளுக்குள் எட்டாவது தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஸ்பூனு! ஸ்பூனக் காயப்போட்டிருக்காங்க!" பால்கனி அதிர்ந்தது. அடுத்தது புத்தகம். அதற்கடுத்தது செருப்பு. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்று அவள் படுக்கையறைக்கு ஓடினாள். திரையில்லாத ஜன்னலில் டப்பா பட்டப்பகலில் உட்கார்ந்திருந்தது. எடுத்துக்கொண்டாள். எங்கே வைப்பது? அறையில் ஒரு துரும்புகூட இடம் மாறாமல் துடைத்து வைத்திருந்தார்கள் மகராசிகள். பீரோவைத் திறக்க நேரமில்லை. தாழ்வாரத்தில் காலடி. அங்கிருந்த ஒரே நாற்காலிக்கு அடியில் டப்பாவைத் தள்ளி, நாற்காலிமேல் உட்கார்ந்து, உடையைக் கீழே தழைய விட்டாள்.

பட்டாளம் புகுந்தது. கட்டில், தலையணை, கண்ணாடி, விசிறி. "திரை இல்ல! இந்த ஜன்னலுக்குத் திரை இல்ல!" என்று ஒரு பையன் கத்தினான். எல்லோரும் ஜன்னலுக்குப் பாய்ந்தார்கள். திண்டில் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை எல்லாவற்றையும் புரட்டினார்கள். ஒன்றும் இல்லை. சத்தம் மெல்ல அடங்கியது. "ஆன்ட்டி, வெக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள் ரெட்டைச் சடைக்காரி. வாலுவின் முகம் வாட ஆரம்பித்தது. அம்மா நாற்காலியை விட்டு அசையவில்லை. எழுந்துவிட்டால் விளையாட்டு முடிந்தது, எழாவிட்டாலும் முடிந்தது.

அப்போது வாலு வாசலுக்குப் போனாள். அங்கே நின்று, உள்ளே வராமல், அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். பார்வை அம்மாமேல் வந்து நின்றது. உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்தாள்.

"அம்மா, நீ உக்காந்திருக்க!"

யாருக்கும் புரியவில்லை. வாலு குதித்தாள். "எங்கம்மா உக்காரவே மாட்டாங்கடா! சாப்பிடறதுகூட நின்னுகிட்டேதான், டிவி பாக்கறதுகூட துணி மடிச்சுகிட்டேதான்! எனக்கு ஒம்பது வயசாகுது, நான் பாத்ததே இல்ல! தப்பு எங்கம்மாதான்! எந்திரிம்மா, எந்திரி!"

ஒன்பது பேரும் சேர்ந்து அவளைக் கையைப் பிடித்துத் தூக்கினார்கள். டப்பா வந்தது. அவள் அப்படி யோசித்து உட்காரவில்லை, உயிர் போகிற அவசரத்தில் உட்கார்ந்தாள். ஆனால் பெண் சொன்னதும் அது நிஜம் என்று அவளுக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, சிரிப்பு வந்தது, எல்லாவற்றையும் மீறி ஒரு சந்தோஷம் பொங்கியது. இந்தக் குழந்தை தன்னை இத்தனை நாளாக இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது!

"சரியாக் கண்டுபிடிச்சுட்ட. எட்டாவது தப்பு நான்தான்" என்றாள்.

டப்பாவில் சாக்லேட்டும் கண்ணாடிக் கோலிகளும் தவிர ஒன்பது விசில்கள் இருந்தன. சத்தமே பிடிக்காதவள் வாங்கிய விசில்கள். ஒன்பதும் ஒரே சமயத்தில் ஊதின. கீழ்வீட்டுக்காரர் தம் கூரையைத் தட்டினார். ஓட்டல் தோழிகள் மூவரும் வாசலில் நின்று கை தட்டினார்கள். லாண்டரி அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீடு குட்டிச்சுவராகக் கிடந்தது. தரையெல்லாம் புத்தகம், மிளகு, சாக்லேட் காகிதம். நெட்டை பழக்கதோஷத்தில் குனிந்தாள்.

"கை வெக்காதடி" என்றாள் இவள்.

ரெட்டைச் சடைக்காரி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஆன்ட்டி, அடுத்த சனிக்கிழமை எங்க வீட்டுலயும் வந்து தப்பு வெச்சுத் தர்றீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல அம்மாவுக்கு இடம் கொடுக்காமல் வாலு முந்திக்கொண்டாள். "அதெல்லாம் முடியாது. எங்கம்மா எங்க வீட்டுலதான் வெப்பாங்க. எல்லாரும் இங்க வாங்க."

சொல்லிவிட்டு அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து அவளை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தாள். மடியில் ஏறி, விசிலை அம்மாவின் வாயில் வைத்து, "ஊதும்மா" என்றாள். அவள் கன்னம் உப்ப ஊதினாள். காலுக்குக் கீழே ஒரு சாக்லேட் காகிதம் சரசரத்தது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஊதினாள்.